சேவைச் சங்கமும் இளம் நிர்வாக உத்தியோகத்தரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பயிற்சி முடித்து முதல் நியமனம் பெறும் நிர்வாக உத்தியோகத்தர் பலர், தமது சேவையைச் சேர்ந்த உத்தியோகத்தர்களின் அமைப்பான சேவைச் சங்கத்தைச் சம்பள முரண்பாட்டுக்கும் இடமாற்றப் பிரச்சினைக்கும் மட்டுமே உரிய இடமாகக் கருதுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. நியமனத்துக்கும் பதவியுயர்வுக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழு இருக்கிறது. முறையான பயிற்சிக்கு இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனம் இருக்கிறது. அதே கதிரையில் முன்னர் அமர்ந்திருந்தவரின் அனுபவத்தைக் கேட்டறியச் சங்கத்தைப் போன்ற இடம் வேறில்லை.

அந்த அனுபவத்தைக் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரம் (அரச காணியைப் பயன்படுத்தும் அனுமதி) பெற்றவர், தமக்குப் பின் காணி சேரவேண்டிய பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமலே இறந்துவிட, அவருடைய மூத்த மகளும் இளைய மகனும் பிரதேச செயலகத்தில் முகங்கொடுத்துப் பேசாமல் நிற்கிறார்கள். ஆண் பிள்ளைக்கிருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியதைச் சட்டத்தைப் படித்தே அறியலாம். ஆனால் திருத்தத்துக்கு முன்னர் நிகழ்ந்த மரணங்களின் கோவைகளில் என்ன சிக்கல் எழுந்தது, எந்தக் கட்டத்தில் மேலிடத்துக்கு எழுதி ஆலோசனை கேட்க வேண்டும், அக்காவையும் தம்பியையும் எப்படி ஒரே மேசையில் அமர்த்துவது என்பவற்றை, பல பிரதேசங்களில் கடமையாற்றிய மூத்தவர் ஒருவரே சொல்ல முடியும். கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கி, தவறான கட்டளையில் ஒப்பமிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அதன் சுமை அந்தக் குடும்பத்தின் மீதே விழுந்தது.

ஆலோசனை கேட்பது வேறு, கோவையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுவது வேறு. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இல்லாமலே பிரச்சினையை விளக்கலாம்.

சேவையில் முன்னேறச் சித்தியடைய வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்கு மூத்தவர்களின் குறிப்புகளை வாங்கி மனனம் செய்வோர், அக்குறிப்புகள் எழுதப்பட்ட பின்னர் எந்தச் சுற்றறிக்கை இரத்தானது என்பதைப் பார்ப்பதில்லை. பரீட்சையில் இழப்பது சில புள்ளிகள். கொடுப்பனவு ஒன்றை அங்கீகரிக்கும்போது அதே பிழை கணக்காய்வு வினாவாகத் திரும்பி வரும்.

தமிழ் உத்தியோகத்தர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சங்கக் கருத்தரங்கு சிங்களத்தில் நடக்கும்போது பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்காதீர்கள். விளங்காத சொல்லை அங்கேயே கேளுங்கள். கையேட்டின் தமிழ்ப் பிரதியையும் கேளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் நிர்வாக மொழியே. தமிழ்ப் பிரதி இல்லையெனில், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பொறுப்பைச் செயற்குழுவிடம் நீங்களே கேட்டுப் பெறுங்கள்.