முதலில் காது, பிறகு கண்: சிறு குழந்தைக்கு வீட்டில் வாசித்துக் காட்டும் முறை

நம் வீடுகளில் ‘படி’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: பாடம் படி, தேர்வுக்குப் படி, விளையாடியது போதும், உட்கார்ந்து படி. அண்ணனோ அக்காவோ இப்படி அதட்டப்படுவதைக் கேட்டே வளரும் குழந்தை, புத்தகம் என்றால் விளையாட்டை நிறுத்தும் பொருள் என்று முடிவு செய்துவிடுவதில் வியப்பில்லை. ஆகவே, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைக்கு வாசிப்பில் விருப்பம் வர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், கதைப் புத்தகத்தை முதலில் இந்தப் ‘படி’யிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். ‘வா, கதை வாசிக்கலாம்’ என்று கூப்பிடுங்கள். பள்ளிப் பையோடு கதைப் புத்தகத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். வாசித்து முடித்த கையோடு ‘என்ன புரிந்தது, சொல்லு’ என்று தேர்வு வைக்காதீர்கள்.

அடுத்தது, குழந்தைக்கு நாள்தோறும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. எந்த மொழிக் குழந்தைக்கும் இது நல்லதுதான் என்றாலும், தமிழ்க் குழந்தைக்கு இது இன்றியமையாதது. வீட்டில் அது கேட்பது ‘வந்துட்டான்’, ‘போச்சு’, ‘வீட்டுல’. புத்தகத்தில் இருப்பதோ ‘வந்துவிட்டான்’, ‘சென்றது’, ‘வீட்டில்’. அதாவது, தான் பேசும் மொழியையே அது புத்தகத்தில் பாதி புதிதாகச் சந்திக்கிறது. எழுத்தும் எல்லா ஒலியையும் காட்டிவிடுவதில்லை. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ககர வரிசை எழுத்துத்தான் இருக்கிறது. ஆனால் நாம் அதை மூன்று விதமாக ஒலிக்கிறோம். அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கும் குழந்தைதான் எழுத்தைப் பார்த்தவுடன் சரியான ஒலியைப் பிடிக்கும். கேட்டிராத குழந்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடும். புத்தகத் தமிழ் கண்ணுக்குப் போகும் முன் காதுக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

என் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது, மாட்டுவண்டி ஒன்றைப் பற்றிய கதையில் ‘வண்டி மெதுவாகச் சென்றது’ என்ற வரியை வாசித்தேன். ‘சென்றதுன்னா என்னம்மா?’ என்றாள். ‘போச்சுடா, வண்டி மெதுவா போச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நாலைந்து நாள் கழித்து, கூடத்தில் தீப்பெட்டி ஒன்றைத் தரையில் தள்ளிக்கொண்டே, ‘கார் வேகமாகச் சென்றது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கற்பிக்காமலே, கதை சொல்வதற்கென்று ஒரு தமிழ் இருப்பதை அவள் கண்டுகொண்டிருந்தாள்.

எனவே, குழந்தைக்குப் புரியாதோ என்று எண்ணிப் புத்தகம் முழுவதையும் பேச்சு வழக்குக்கு மாற்றி வாசிக்க வேண்டாம். அச்சில் இருப்பதை இருக்கிறபடியே நிதானமாக வாசித்து, தடுக்கும் சொல்லுக்கு மட்டும் போகிற போக்கில் பேச்சுத் தமிழில் பொருள் சொல்லுங்கள். வாசிக்கும் வரியின் கீழே விரல் நகரட்டும். பக்கத்தைப் புரட்டும் வேலையைக் குழந்தைக்கே கொடுங்கள். பாட்டி கதை சொல்லும்போது சிங்கத்துக்கு ஒரு குரலும் முயலுக்கு ஒரு குரலும் வருமே, அந்தத் தாராளம் இங்கும் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் கைப்பேசி வேறு அறையில் இருக்க வேண்டும்.

ஒரே புத்தகத்தை இருபது நாள் தொடர்ந்து கேட்கும் குழந்தையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. சலிக்க வேண்டாம். கதை மனப்பாடமானதும், வரிகளை வாயால் சொல்லியபடியே எழுத்தின் மேல் விரலை ஓட்டும் குழந்தை, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தானாகவே பொருத்திப் பார்க்கிறது. 247 எழுத்துகளையும் எழுதப் பழகிய பிறகுதான் புத்தகம் என்று காத்திருக்கும் வீடுகளில் இந்த அருமையான கட்டம் வீணாகிப் போகிறது.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது படத்தை மட்டும் பார்க்காமல் அச்சையும் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள், பெரிய எழுத்து, சொற்களுக்கு இடையே தெளிவான இடைவெளி ஆகியவை வேண்டும். தமிழ் அச்சில் நீண்ட சொற்களை வரியின் முடிவில் எந்தக் குறியும் இல்லாமல் உடைத்து, மீதியை அடுத்த வரியில் போடுவது வழக்கம். நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கோ அது இரண்டு புரியாத சொற்கள். அப்படி உடைக்காத புத்தகமாக வாங்குங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகளும், எதுகையோடு ஓடும் பாடல்களும் இந்த வயதுக்கு மிகவும் ஏற்றவை.

இதற்கு நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள கிளை நூலகத்தில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் உறுப்பினராகுங்கள். சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில், வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்ட தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திரையில் காட்டுவதைவிட அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது நல்லது.

வாங்கிய புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தால் எல்லாம் வீண். குழந்தையின் கை எட்டும் உயரத்தில், அட்டை முகம் தெரியும்படி, ஓர் அட்டைப்பெட்டியில் நிறுத்தி வைத்தால் போதும். பக்கம் கிழிந்தால் திட்டாமல், குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒட்டுங்கள். காலையில் தினசரி நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுத்து, கிழமையின் பெயரை வாசிக்கச் சொல்லலாம். பேருந்தின் ஊர்ப் பலகையையும் கடைகளின் பெயர்ப் பலகையையும் அதுவே வாசிக்கத் தொடங்கும்.

எழுத்தறியாத தாத்தா பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். படத்தைப் பார்த்துத் தம் கதையை அவர்கள் சொல்லட்டும். பேத்தி தனக்குத் தெரிந்த நாலு வரியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினால், பாட்டி திருத்த மாட்டார், ரசிப்பார். முதல் வாசகிக்கு அதைவிட நல்ல அவை வேறில்லை.

குழந்தை தானாக வாசிக்கத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அது என்று மாறி மாறி வாசியுங்கள். ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசித்தால் உடனே குறுக்கிடாமல் வரி முடியும் வரை பொறுங்கள். பொருள் இடறியதும் பெரும்பாலும் தானே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும். சோர்வு தெரிந்தால் மீதிப் பக்கங்களை நீங்களே வாசித்து முடியுங்கள்; கதை பாதியில் நிற்கும்போது விளக்கை அணைக்க வேண்டாம்.