படித்துக்கொண்டே ஆப் தொடங்குகிறீர்களா? ‘இது ஹலாலா?’ என்ற கேள்வியை முதல் நாளே கேளுங்கள்

அல்ஜீரியாவில் 2022 செப்டம்பரில் உயர்கல்வி அமைச்சகம் 1275ஆம் எண் ஆணையை வெளியிட்டது. மாணவர்கள் பட்டத்துக்கான இறுதி ஆய்வேட்டை ஸ்டார்ட்அப் திட்டமாகவே செய்து கொடுக்கலாம் என்கிறது அது. துனிசியா 2018லேயே ஸ்டார்ட்அப் சட்டம் கொண்டுவந்துவிட்டது. கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 2013 முதல் ஸ்டார்ட்அப்புகளுக்கான பயிற்சிக்கூடம் நடக்கிறது. ஆக, அரபு நாடுகளிலோ மலேசியாவிலோ படித்துக்கொண்டே தொழில் தொடங்க நினைப்பவருக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டு, ஆப்பும் ஓட ஆரம்பித்த பிறகு, வீட்டில் யாராவது “இது ஹலாலா?” என்று கேட்பார்கள், அப்போதுதான் தூக்கம் போகும்.

அதனால் நிரல் எழுதும் முன்பே ஒரு தாளை எடுத்து, பணம் எந்தெந்த வழியில் உள்ளே வரும் என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் தரும் கட்டணம், கமிஷன், விளம்பரம், முதலீடு, எல்லாம். விளம்பரத்தில் பலர் அசந்துவிடுகிறார்கள். குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஆப்பின் அடியில் சூதாட்ட விளம்பரம் ஓடினால் எப்படி இருக்கும்? எந்த வகை விளம்பரங்கள் வேண்டாம் என்று தடுக்கும் வசதி விளம்பரச் சேவையின் செட்டிங்ஸிலேயே இருக்கும், வெளியிடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது முதலீடு. பின்னாளில் பங்காக மாறும் கடன் பத்திரம் ஒன்றை முதலீட்டாளர்கள் நீட்டுவார்கள், அதில் வட்டி விகிதம் என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள், எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. வட்டிக்குப் பதிலாக முதாரபா என்ற இஸ்லாமியக் கூட்டு முறை இருக்கிறது: இதில் ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் உழைப்பார். லாபத்தை விகிதமாகத்தான் பேச வேண்டும், மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை பேசக் கூடாது. நட்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழப்பார், நீங்கள் உழைப்பை இழப்பீர்கள், நீங்கள் கவனக்குறைவாகவோ ஒப்பந்தத்தை மீறியோ நடந்திருந்தால் மட்டும் பொறுப்பு உங்களுடையது. கதீஜா அம்மையாரின் சரக்கை நபிகள் நாயகம் சிரியாவுக்குக் கொண்டுபோய் வியாபாரம் செய்ததும் இப்படி ஒருவர் முதலும் இன்னொருவர் உழைப்பும் சேர்ந்த ஏற்பாடுதான்.

இப்போது டிராப்ஷிப்பிங்குக்கு வருவோம், அதாவது சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல், ஆர்டர் வந்ததும் வேறொருவர் கிடங்கிலிருந்து நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பவைக்கும் வியாபாரம். கையில் முதல் இல்லாத மாணவர்கள் அதிகம் இறங்குவது இதில்தான், குழம்புவதும் இதில்தான். “உன்னிடம் இல்லாததை விற்காதே” என்று தம் தோழர் ஹகீம் பின் ஹிஸாமுக்கு நபிகள் நாயகம் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. சரக்கு எங்கோ ஒரு கிடங்கில் இருக்க, அதை நீங்கள் உங்களுடையது போல விற்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மார்க்க அறிஞர்கள் சொல்லும் வழிகள் மூன்று. கிடங்குக்காரருக்கு முகவராக இருந்து கமிஷன் வாங்கலாம். ஸலம் முறையில் முழு விலையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, தரம், அளவு, தரும் நாள் எல்லாம் உறுதி செய்து விற்கலாம். அல்லது, வாடிக்கையாளரிடம் வெறும் கோரிக்கையை மட்டும் வாங்கி, பொருளை நீங்கள் வாங்கிக் கைவசப்படுத்திய பிறகு விற்கலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மொராக்கோ, எகிப்து மாதிரி நாடுகளில் பொருள் கைக்கு வந்த பிறகு காசு தரும் பழக்கம் மிக அதிகம். ஸலமுக்கோ முழுத்தொகை முன்னாலேயே வர வேண்டும். அங்கே ஸலம் சரிப்படாது, முகவர் முறையோ கோரிக்கை முறையோதான் பொருந்தும். கோரிக்கை முறை என்றால் உங்கள் தளத்தில் இருக்கும் பொத்தான் “இப்போதே வாங்கு” என்று சொல்லக் கூடாது, “கோரிக்கை அனுப்பு” என்று சொல்ல வேண்டும், அதன் கீழேயே “பொருள் எங்கள் கைக்கு வந்தபின் விற்பனை உறுதியாகும்” என்று ஒரு வரி. சின்ன மாற்றம்தான், ஆனால் வியாபாரத்தின் தன்மையே அதில் மாறுகிறது.

அறிஞரிடம் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்கப் போகும்போது “ஆன்லைன் வியாபாரம் கூடுமா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பணம் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையில் போகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். எந்தச் சந்தைக்குப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் மலேசியாவில் ஏற்கப்பட்ட சில ஒப்பந்த முறைகளை வளைகுடா அறிஞர்கள் ஏற்பதில்லை.

அப்புறம், தகவல் பாதுகாப்பு. எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. முஸ்லிம் ப்ரோ என்ற தொழுகை நேர ஆப்பைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிடத் தகவல் ஒரு தரவு வணிக நிறுவனத்துக்குப் போனது என்றும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் உண்டு என்றும் 2020 நவம்பரில் செய்தி வந்தது. அந்த உறவை முறித்துக்கொள்வதாக ஆப் நிறுவனம் அறிவித்தது. தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் மக்கள் இருப்பிட அனுமதி கொடுக்கிறார்கள். தொழுகை நேரத்தையும் திசையையும் போனுக்குள்ளேயே கணக்கிடலாம், உங்கள் சர்வருக்கு அந்தத் தகவல் வர வேண்டிய தேவையே இல்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, “மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக் கூடாதா?” என்று நபிகள் நாயகம் கேட்ட சம்பவம் தெரியும்தானே. உங்கள் தனியுரிமைப் பக்கத்திலும் ஈரத்தை மேலே வையுங்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். சவூதியில் 2013 முதல் வெள்ளி, சனி விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரைநாள் வேலை. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும், அந்த மாதம் மக்கள் இரவில் வெகுநேரம் விழித்திருப்பார்கள், உங்கள் வாடிக்கையாளர் சேவையும் அப்போது விழித்திருக்க வேண்டும்.

கடைசியாக, கூட்டாளிகள். எகிப்தில் உங்கள் வகுப்புத் தோழர் காப்டிக் கிறிஸ்தவராக இருக்கலாம், லெபனானில் இன்னும் பலவிதம். வட்டி வேண்டாம், ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) நேரத்தில் கூட்டம் வேண்டாம் என்பது போன்ற உங்கள் எல்லைகளை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், அவருடைய எல்லைகளையும் கேளுங்கள், அவருக்கும் பண்டிகை உண்டு, நோன்பு உண்டு. பேசியதை எழுதிவைக்கக் கூச்சப்படாதீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே, அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று சொல்வதுதான். யாருக்கு எத்தனை பங்கு, பட்டம் வாங்கியதும் ஒருவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அவர் பங்கு என்ன ஆகும், நிரல் யாருக்குச் சொந்தம், பல்கலைக்கழகத்துக்கு அதில் உரிமை உண்டா: இந்த நான்குக்கும் பதில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.