தோப்புக் கரண்ட் 50 ஹெர்ட்ஸில் நிற்க

குடிமங்கலம் பக்கம் எங்கள் தோப்பைச் சுற்றிலும் காற்றாலைதான். "இத்தனை காத்தாடி இருந்தும் லைன் போனா இருட்டுதானுங்களா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. இருட்டுதான். பழைய காற்றாலைகளில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். லைன் இருந்தால்தான் அது கரண்ட் தரும். சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் அப்படியே. மாரியம்மன் நோம்பியில் ஜமாப் அடிக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டுமல்லவா, அதுபோல. எங்கள் தோப்பில் லைன் போனதும் 50 ஹெர்ட்ஸ் தாளத்தை, அதாவது கரண்ட் நொடிக்கு 50 முறை அலையும் வேகத்தை, எடுத்துக் கொடுப்பது 15 கேவிஏ (அது தாங்கும் அளவு) பேட்டரி இன்வெர்ட்டர். 12 கிலோவாட் சோலார் அதன் பின்னால் போகிறது.

ஒரு சித்திரை மதியம், பேட்டரி நிறைந்திருந்த நேரத்தில் தேங்காய் நார் மெஷினைச் சட்டென்று நிறுத்தினேன். போக்கிடம் இல்லாத சோலார் கரண்ட் பேட்டரிக்குள் ஏறி, வோல்டேஜ் எகிறி, மொத்தமும் கட். மாட்டிக் கொடுத்தவர் ஃப்ரீக்வென்சி ஷிப்ட்டை ஆன் செய்யாமலே போயிருந்தார். அது இருந்தால், பேட்டரி நிறைய நிறைய இன்வெர்ட்டர் வேண்டுமென்றே ஹெர்ட்ஸை உயர்த்தும், 50.2ஐத் தாண்டியதும் சோலார் படிப்படியாக அடங்கும். தனி வயர் எதுவும் வேண்டாம், ஆனால் பேட்டரி, சோலார் இரண்டு இன்வெர்ட்டரிலும் இந்த ஹெர்ட்ஸ் எண்கள் ஒத்துப்போக வேண்டும். அடங்குவதற்குள் வரும் மிச்சக் கரண்ட் முழுதும் பேட்டரி இன்வெர்ட்டர் வழியாகத்தான் போகும். அதனால் சோலாரின் கிலோவாட் அதன் கேவிஏவைத் தாண்டக்கூடாது.

சோலாரை அடக்கி வெயிலை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. பேட்டரி 95 சதவீதம் தொட்டதும் கிணற்று மோட்டார் தானே ஓடித் தொட்டியை நிரப்பும்படி ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வைத்துவிட்டேன். அது 7.5 ஹெச்பி; ஓடும்போது 11 ஆம்பியர் இழுக்கும், நேரடி ஸ்டார்ட்டர் என்றால் கிளம்பும்போது ஆறு மடங்கு. 15 கேவிஏ தாங்காது. மோட்டாரை மெல்ல மெல்ல வேகமேற்றும் விஎஃப்டி போட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்புறம் டீசல் ஜெனரேட்டர். லோடு ஏறினால் இன்ஜின் முக்குவதை எங்கள் அப்பாரு சாளைத் திண்ணையில் இருந்தே சொல்லிவிடுவார். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் 4 சதவீத ட்ரூப்பில் (லோடு ஏற ஏற வேகம் குறையும் அமைப்பு) இருந்தால் முழு லோடில் 50, லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ். அந்த 52ஐப் பார்க்கிற சோலார், பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருக்கும்! கவர்னரை ஐசோக்ரோனஸுக்கு (எந்த லோடிலும் ஒரே வேகம்) மாற்றுங்கள். டீசல் 30 சதவீத லோடுக்குக் கீழே இறங்காமலும் பாருங்கள், புகைக்கரி சேரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மேகம் ஓடும்போது சோலார் நொடியில் விழும். டீசல் எட்டிப் பிடிக்கும்வரை அந்தப் பள்ளத்தைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்தால், வெயில் உச்சியில் பேட்டரி நிறைந்திருக்கும்போது லோடை ஒரேயடியாக இறக்கி மீட்டரைப் பாருங்கள். ஹெர்ட்ஸ் ஏறி, சோலார் இறங்கி, வீட்டு ஃபேன் நிற்காமல் சுற்றினால் சரி.