செத்த வீட்டில் வேதம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தில் ஒரு சின்ன வயதுச் சாவு என்றால், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கூடியவர்களில் யாராவது ஒருவர் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார். "போன ஜென்மத்து வினை" என்பார் ஒருவர். "எங்கேயோ பாவம் இருந்திருக்கும்" என்பார் இன்னொருவர். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது தீர்ப்பாக விழுகிறது. முதலில் விட வேண்டியது இந்தப் பேச்சைத்தான்.

வேதாகமத்தில் (பைபிளில்) வரும் யோபு தன் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவர். பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை சரி. வாயைத் திறந்த பிறகுதான் கேடு. கடவுள் நீதியுள்ளவர், அதனால் தப்பு உன் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று மாறி மாறிச் சாதிக்கிறார்கள். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் இந்த நண்பர்கள் மேல்தான் பாய்கிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான், நீங்கள் அல்ல என்கிறார். கடவுளோடு வழக்காடியவர் யோபு, கடவுளுக்காக வாதாடியவர்கள் இவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, யார் சொன்னது என்று பாராமல் வசனத்தை எடுத்து நீட்டுவது. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வரியைக் கலண்டரிலும் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். யோபு 8:7. இது கடவுள் தந்த வாக்கு அல்ல, நண்பர் பில்தாத்தின் பேச்சு. மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதன் பலனுக்குக் கடவுள் அவர்களை விட்டுவிட்டார் என்று, பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம் சொல்கிறார் அதே மனிதர். இதை அறிந்த பிறகு அந்த வரியை இழவு வீட்டில் சொல்ல எனக்கு மனம் வராது.

யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததே என்பதும் வேண்டாம். 7,000 ஆடுகள் 14,000 ஆயின, உண்மைதான். ஆனால் பிள்ளைகள் மறுபடியும் பத்துப் பேர்தான் பிறந்தார்கள். செத்த பத்துப் பேர் செத்தவர்களே. "இன்னொன்று பிறக்கும் அக்கா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அழுகிறவர் கடவுளைத் திட்டினால் வாயை அடக்கவும் வேண்டாம். வேதாகமப் பாடல்களில் ஒன்றான 88ஆம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஊழுக்கென்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டுமென்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே சபித்திருக்கிறார்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொரு தவறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. கடவுள் சித்தம் என்றார்கள். அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலுமே எச்சரிக்கை வந்திருந்தது. மாற்றப்படாமல் கிடந்ததைக் கடவுள் தலையில் கட்டலாமா? எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார். செத்தவர்களிடம் குற்றம் தேடக் கூடாது. அதற்காக, உயிரோடு இருக்கும் பொறுப்பாளிகளைக் கேள்வி கேட்காமல் விட வேண்டும் என்பதும் இல்லை. அப்படிக் கேட்பது தெய்வ நிந்தனை என்று பயப்படுகிறவர்கள் ஆமோஸ் தீர்க்கதரிசியைத் திறந்து பார்க்கட்டும். ஏழையை ஒரு சோடிச் செருப்புக்கு விற்றவர்களைக் கடவுளின் பெயராலேயே அவர் குற்றக் கூண்டில் நிறுத்துகிறார்.