சிறுவயதில் ரசித்த படங்களை மீண்டும் பார்ப்பது எப்படி?

சிறுவயதில் மனத்தில் பதிந்துபோன ஒரு படத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் போட்டுப் பார்க்கும் பலர், "இதையா அப்படி விழுந்து விழுந்து பார்த்தோம்?" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் படத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அன்று பார்த்தது எந்தப் பிரதி, இன்று பார்ப்பது எந்தப் பிரதி, அதுவும் எப்படி அமைக்கப்பட்ட திரையில் என்பதைக் கவனித்தே ஆக வேண்டும். அந்த ஏமாற்றத்திற்குப் படம் காரணமாக இல்லாமலே போகலாம்.

முதல் வேலை, படத்தைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது. நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்தக் காட்சி எதற்குப் பின் வந்தது, யார் என்ன சொன்னார்கள், முடிவு என்ன, எந்த இடத்தில் பயந்தீர்கள் என்பது வரை. அதுவரை முன்னோட்டத்தையோ கதைச்சுருக்கத்தையோ பார்க்க வேண்டாம். அவை உங்கள் நினைவோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. நினைவு என்பது பழையதை அப்படியே எடுத்துத் தருவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புகிறது என்பதை உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932-இலேயே விளக்கியிருக்கிறார். நீண்ட துரத்தலாக நினைவில் நிற்பது படத்தில் அரை நிமிடமே இருக்கலாம். தெளிவாக நினைவிருக்கும் ஒரு காட்சி வேறொரு படத்துடையதாகவும் இருக்கலாம். எழுதிவைத்த தாள் இருந்தால்தான் இது தெரியவரும்.

அடுத்தது பிரதியைத் தேர்ந்தெடுப்பது. இதில் அவசரப்படக் கூடாது. சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்ட படத்தின் அகலம் அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.35 மடங்கு, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையோ 4:3. அந்தத் திரையை மேலும் கீழும் நிரப்புவதற்காகப் படத்தின் இருபுறமும் வெட்டப்பட்டபோது, நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி காணாமல் போனது. சட்டகத்தின் இரு ஓரங்களில் நின்று இருவர் வாக்குவாதம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டப்பட்ட பிரதியில் பேசுபவர் மட்டுமே தெரிவார். கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் மாறுவதை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆகவே, முழு அகலத்தில், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு வரும் பிரதியையே தேடுங்கள்.

ஓடும் நேரத்தையும் சரிபாருங்கள். திரையரங்கில் நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக ஓடிய படம், தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகங்களில் இயங்கிய நாடுகளில் சற்று வேகமாகவே ஓடியது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். குரலும் இசையும் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். இன்று சரியான வேகத்தில் கேட்கும்போது பாட்டு மந்தமாக இருப்பதாகத் தோன்றினால், அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இந்த விகிதத்தைவிடப் பெரிய வேறுபாடு இருந்தால் காட்சிகள் நீக்கப்பட்டிருக்கின்றனவா என்று விசாரியுங்கள். நிறத்திலும் ஏமாறாதீர்கள்: பழைய வண்ணப்படச் சுருள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் சிவப்பேறிப் போயிருக்கும். மூல நெகட்டிவிலிருந்து புதுப்பிக்கப்பட்ட பிரதி கிடைத்தால் அதற்காகக் காத்திருப்பது வீண்போகாது. மொழிமாற்றுக் குரலில் ரசித்த படமென்றால், முதலில் அதே குரலில் பாருங்கள் என்பது என் கருத்து. உங்களுக்கு அந்தப் பாத்திரம் அந்தக் குரலோடுதான் அறிமுகமானது. மூலமொழியில் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சியில் அசைவுகளை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இல்லாத சட்டகங்களை இடையில் உருவாக்கிச் செருகி, திரைப்படத்தைத் தொடர்நாடகம்போல் ஆக்கிவிடுகிறது. ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு உங்கள் பெட்டியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

முதல் முறை தனியாகப் பாருங்கள், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும் ஆசை இயல்பானதுதான். ஆனால் அவர்கள் சிரிக்கிறார்களா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் படம் நழுவிவிடும். தொடக்கக் காட்சிகள் மெதுவாக நகர்ந்தால் பொறுத்திருங்கள், கண் அந்த வேகத்துக்குப் பழகச் சற்று நேரமாகும். ஒருவரின் நிறத்தையோ உடலையோ கேலி செய்யும் காட்சி வந்து மனம் சுருங்கினால், அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிடவும் வேண்டாம், அதற்காகப் படம் முழுவதையும் ஒதுக்கவும் வேண்டாம். அதையும் தாளில் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்கும்போது, அன்று கவனிக்காமல் விட்டவர்களின் பக்கம் கண்ணைத் திருப்புங்கள். சிறுவயதில் நாயகன் வீட்டைவிட்டு ஓடும் காட்சியில் அவனோடு ஓடியிருப்பீர்கள். இப்போது வாசலில் நின்றுவிட்ட தாயைப் பாருங்கள். அவர் வயதை நீங்கள் தாண்டியிருக்கக்கூடும். பிறகு, அன்று பொறுமையில்லாமல் கடந்துபோன பெயர்ப் பட்டியலை நிறுத்தி வாசித்து, ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், வசனகர்த்தா ஆகியோரின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பணியாற்றிய மற்ற படங்களில், நீங்கள் இதுவரை பார்க்காத ஒன்றை அடுத்துத் தேர்ந்தெடுக்கலாம்.