பாசி எடுக்கப் போய் மீனைக் கொல்லாதீர்கள்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் காண்டோ (தனியார் அடுக்குமாடி) குளம், கிளப் குளம், லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைக் குட்டை என்று நீர்க்களை எடுப்பதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பிடோக், லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கங்கள் என்று கிளம்பிவிடுவேன். அதனால் குளத்தை ஒருவர் கெடுத்தால் எனக்கு இரண்டு பக்கமும் எரிச்சல் வரும். புதிதாக வரும் சூப்பர்வைசர்கள் ஒருவர் விடாமல் அதே நாலைந்து தவறுகளைச் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடுங்கள், தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள், இடி இடித்தால் கரையேறுங்கள் என்பதெல்லாம் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

என்ன செடி என்று பார்க்காமல் இறங்குவது

மேலே மிதக்கும் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் ஒரு வகை. வலையைப் போட்டு முழுசாக இழுத்துக் கரையில் போடலாம். அடியில் வேர்விட்டு மேலே வரும் வேலம்பாசி (அதாவது ஹைட்ரில்லா) வேறு வகை, இழுத்தால் உடையும். இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே கருவி என்று கொட்டேஷன் போட்டால் பாதி வேலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பெரிய விஞ்ஞானிகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள். சல்வீனியாவை வேறு ஒரு இனம் என்று நினைத்து, அந்த இனத்தின் மேல் வாழும் வண்டைப் பிடித்து வந்து பல நாடுகளில் விட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1972-இல்தான் இது தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் தென்கிழக்கு பிரேசிலில் அதன் சொந்த ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்த 2 மில்லிமீட்டர் வண்டைக் கொண்டுபோய் 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் களை அடங்கி ஏரித் தண்ணீர் வெளியே தெரிந்தது. கேரளாவின் வாய்க்கால்களை அடைத்துக் கிடந்த ஆப்பிரிக்கன் பாயலையும் (சல்வீனியாவுக்கு அங்கே அதுதான் பெயர்) பிறகு அதே வண்டுதான் அடக்கியது.

வெட்டிய துண்டைத் தண்ணீரிலேயே விடுவது

வேலம்பாசியில் ஒரே ஒரு கணு உள்ள துண்டுகூட முளைத்துவிடும். வெட்டத் தொடங்கும் முன் குளத்தின் வடிகால் வாயில் நெருக்கமான வலை கட்டியிருக்க வேண்டும், மதியம் மழை வந்த பிறகு வலையைத் தேடிக்கொண்டு ஓடக்கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் குளத்தில் வழிவது கால்வாயில் விழுந்து, பெரும்பாலும் ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேரும்.

ஒரே மூச்சில் மொத்தக் குளத்தையும் காலி செய்வது

இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வடமேற்குப் பக்கம் ஒரு தனியார் குளம். உறுப்பினர்கள் பீகாக் பாஸும் திலாப்பியாவும் பிடித்து விளையாடுவார்கள். குளம் பூராவும் வேலம்பாசி ஏறிவிட்டது. அடுத்த வாரம் மீன்பிடிப் போட்டி வைத்திருக்கிறோம், அதற்குள் "கண்ணாடி மாதிரி" வேண்டும் என்று நிர்வாகக் குழு சொல்ல, வேலையை எடுத்த சூப்பர்வைசர் சரி என்று தலையாட்டிவிட்டார். மூன்றில் ஒரு பங்கை எடுங்கள், பத்துப் பதினைந்து நாள் விடுங்கள், அப்புறம் அடுத்த பங்கு என்று நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஆட்களை இறக்கி வெள்ளி சனி இரண்டு நாளில் குளம் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டு, அள்ளுவதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டியதைத் தண்ணீரிலேயே மிதக்க விட்டுவிட்டுப் போனார். ஞாயிறு பகலெல்லாம் மேகமூட்டம், சாயங்காலம் நல்ல மழை.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்த் தண்ணீர் எப்போதும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூட்டில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். பகலில் வெயில் பட்டால் பாசி பிராணவாயுவைத் தருகிறது, இரவில் அதுவும் மூச்சுவிட்டு அதையே எடுக்கிறது. ஆகவே எந்தக் குளத்திலும் விடியலுக்குச் சற்று முன்தான் அளவு மிகவும் குறைந்திருக்கும். இப்போது பாசியை மொத்தமாக வெட்டிப் போட்டால் பகலில் தருவதற்கு ஆள் இல்லை. வெட்டியது அழுகத் தொடங்கியதும் கிருமிகள் இருப்பதையும் இழுத்துக்கொள்கின்றன. வெயிலும் இல்லாத நாளென்றால் கேட்கவே வேண்டாம். வெட்டிய அன்று மீன் சாகாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சாகும், அதனால்தான் பலருக்கும் தாங்கள் வெட்டியதற்கும் மீன் செத்ததற்கும் உள்ள தொடர்பே தெரிவதில்லை.

திங்கட்கிழமை வெளிச்சம் வருவதற்குள் போன ஊழியர்களில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஊர்க் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர், உடனே போன் போட்டிருக்கிறார்: "அண்ணே, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுண்ணே." அந்த நேரத்தில் ஒரு பம்ப்பை வைத்துத் தண்ணீரை வாரி இறைத்திருந்தால்கூட கொஞ்சம் பிழைத்திருக்கும். சூப்பர்வைசர் சாவகாசமாகப் பசியாறிவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து, நல்ல வெயிலில் மீட்டரைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் முக்கிப் பார்த்து, "பிராணவாயு அளவு இயல்பு" என்று அறிக்கையில் எழுதினார். கரையெல்லாம் செத்த மீன். யாரோ விஷம் ஊற்றியிருக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்! என்னைக் குத்துவது மீன் செத்ததைவிட அந்த அறிக்கைதான். விடியற்காலை ஆறு மணிக்கு, அதுவும் அடிமட்டத்தில் அளக்காத அளவை எதற்கு எழுதுவது?

பீகாக் பாஸ் முதலில் போனது, பிறகு திலாப்பியாவும் பெரிய அளவில். விரால் வகையைச் சேர்ந்த ஹருவானும் தோமானும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துவிடும், அவை மட்டும் மிஞ்சின. போட்டி ரத்தானது, செத்த மீனை அள்ளிக் கொட்டும் செலவு பாசி எடுத்த கூலியை நெருங்கியது. அதோடு முடியவில்லை. அழுகிய பாசியில் இருந்த சத்து முழுக்கத் தண்ணீரில் இறங்கி, சில வாரத்தில் குளம் பச்சைச் சாயம் கரைத்தது போல மாறியது. சேற்றுக்குள் இருக்கும் வேலம்பாசிக் கிழங்குகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை, தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும் அவையும் முளைத்து வந்துவிட்டன. அந்தக் குளத்தில் பல மாதம் தோமானைத் தவிர வேறு எதுவும் தூண்டிலில் சிக்கவில்லை.

ஆகவே பங்கு பிரித்து எடுங்கள், வெட்டியதை அன்றன்றைக்கே அள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பெரிய வெட்டு வேண்டாம். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் அவர் கேட்கும் தேதிக்குப் படகுத்துறையைச் சுற்றி மட்டும் சுத்தம் செய்து கொடுங்கள், படத்துக்கு அது போதும்.

செடி தின்னும் மீனான புல்கெண்டையை வாங்கிக் குளத்தில் விடலாமா?

கூடாது. நீர்த்தேக்கத்தில் எந்த உயிரையும் கொண்டுவந்து விடுவது சட்டப்படி குற்றம். மூடிய குளத்திலும் அது பிடித்த செடியைத் தின்று முடித்துவிட்டு நட்ட அல்லியையும் தின்னும்.

மருந்து அடிப்பது

குடிநீர் ஊர் இது. என்னிடம் கேட்காதீர்கள்.

எடுத்ததைக் கரையில் குவித்து வைப்பது

ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், எரியாலையில் எடை பார்த்துத்தான் காசு வாங்குவார்கள். ஒரு நாள் கரைச் சரிவில் வடிய விட்டு ஏற்றினால் லாரி நடை குறையும். அதற்காக வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், அழுகியது மழையில் கரைந்து குளத்துக்கே திரும்பிவிடும்.

மீன்பிடிப்பவர்களும் கேளுங்கள்

லூரில் (செயற்கை இரையில்) பாசி சிக்குகிறது, எல்லாவற்றையும் எடுங்கள் என்று புகார் கொடுப்பது நம் ஆட்கள்தான். குஞ்சு மீன் ஒளிவதற்குப் பாசி வேண்டும், பெரிய மீன் அந்தப் பாசியின் ஓரத்தில்தான் காத்திருக்கும். நீர்த்தேக்கத்தில் செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் கொக்கி சிக்குவது நமக்கு அதிகம் உறுத்துகிறது, உண்மைதான். கொக்கி மறைந்த தவளை லூர் வாங்குங்கள். நான் பார்க்கும் குளங்களில் ஐந்தில் ஒரு பங்கையாவது விட்டு வைக்கச் சொல்வேன். அடர்ந்து மூடிவிட்டால் வேட்டை மீனால் உள்ளே நுழைய முடியாது, குட்டித் திலாப்பியா பெருகிக்கொண்டே போகும், எதுவும் உள்ளங்கை அளவைத் தாண்டி வளராது. அந்த நிலைமைக்கு வந்த பிறகு புகார் கொடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். கொக்கியில் வந்த துண்டைத் திரும்பத் தண்ணீரில் உதறாமல் பையில் போட்டுக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டு போங்கள். கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் மிதித்த சப்பாத்தோடு மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்துக்குப் போகிறவர்கள் அதையும் ஒரு தரம் கழுவுங்கள்.