டர்பனில் ஆடிக்காற்று: காற்றழுத்தத்தை வைத்து வானிலை பார்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குக் குடிவந்த முதல் வருடம், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இங்கே ஆடி என்றால் குளிர்காலம். ஆனால் அன்று காலையிலேயே அனல் அடித்தது. மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று வீச, எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டோம். மதியம் கூழ் பரிமாறும் நேரம், காற்று சட்டென்று நின்றது. அப்புறம் தென்மேற்கிலிருந்து ஒரு அடி! பந்தலின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாமரத்தில் போய் மாட்டியது. வரிசையில் நின்ற ஆயா ஒருவர் மட்டும் அசரவில்லை. "காலையில சூடு அடிச்சப்பவே நினைச்சேன், இது வரும்னு" என்றார்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊருக்கும் பொருந்தும், காரணம்தான் வேறு. தமிழ்நாட்டில் அது தென்மேற்குப் பருவக்காற்று. இங்கே அதைக் கொண்டுவருவது குளிர்முகப்பும் (சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) அதற்கு முன்னால் வரும் ஒரு சின்னத் தாழ்வழுத்தமும். ஆயா அனுபவத்தில் கண்டதை நாம் ஒரு நோட்டும் ஒரு ஜாடியும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

முதல் படி: அழுத்தத்தை அளக்க ஒரு கருவி

உங்கள் போனில் பாரோமீட்டர் உணரி இருந்தால் ஒரு செயலி போதும். இல்லையென்றால் அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றை எடுங்கள். பலூனை வெட்டி, வாயின் மேல் இறுக்கமாக இழுத்து ரப்பர் பேண்டு போடுங்கள். ஒரு ஸ்ட்ராவின் நுனியைப் பலூனின் நடுவில் ஒட்டி, மறுநுனி ஜாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். பின்னால் ஒரு அட்டையை நிறுத்திக் கோடு போட்டால் கருவி தயார். வெளியே அழுத்தம் கூடினால் பலூன் உள்ளே அமுங்கும், ஸ்ட்ராவின் வெளிநுனி மேலே ஏறும். குறைந்தால் இறங்கும். வெயில் படும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி உப்பினால், ஜாடி தெர்மாமீட்டர் வேலையைத்தான் பார்க்கும்.

போன் காட்டும் எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் (மில்லிபார் என்றாலும் அதேதான்). எட்டு மீட்டர் மேலே போனால் சுமார் ஒன்று குறையும். எங்கள் வீடு கடலிலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வானிலை வரைபடத்தில் கடல்மட்ட அழுத்தம் 1013 என்று இருக்கும் நாளில் என் போன் 993 என்கிறது. இதைப் புயல் என்று நினைத்து ஒருமுறை மொட்டைமாடித் துணிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். எண் முக்கியமில்லை, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

இரண்டாம் படி: ஒரே நேரத்தில் குறிப்பது

தினமும் காலை ஏழு மணி, மாலை ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம், காற்று வரும் திசை, வெயிலா மேகமா, இவ்வளவு போதும். நேரத்தை மாற்றாதீர்கள். வானிலையில் எந்த மாற்றமும் இல்லாத நாளிலும் அழுத்தம் காலை பத்து மணிவாக்கில் ஏறி, மாலை நான்குக்கு இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறும். அந்த ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கலைப் பார்த்து ஏமாறக்கூடாது.

மூன்றாம் படி: யாருடைய காற்று இது?

ஒரே இடத்தின் மேல் பல நாள் தங்கும் காற்று அந்த இடத்தின் குணத்தை வாங்கிக்கொள்ளும். அதுதான் காற்றுத்திரள். டர்பனுக்கு மூன்று தெரிந்தால் போதும். இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான அகுல்லாஸ் நீரோட்டத்தின் மேல் ஊறிய ஈரக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், தோல் பிசுபிசுக்கும். உள்நாட்டுப் பீடபூமியின் வறண்ட காற்று வடமேற்கிலிருந்து வரும். தென்கடலின் குளிர்காற்று தென்மேற்கிலிருந்து வரும். குளிர்காற்று சூடான காற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு வரும் எல்லைக்கோடே குளிர்முகப்பு. முதல் உலகப் போர்க் காலத்து நார்வே விஞ்ஞானிகள் போர்முனையை நினைத்து வைத்த பெயர் அது.

நான்காம் படி: வரிசையைப் பிடிப்பது

முதலில், கேப் டவுன் பக்கம் முகப்பு வருகிறதா என்று தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் வரைபடத்தில் பாருங்கள். பற்கள் வைத்த கோடு அது. பற்கள் காட்டும் திசையில் நகரும். கேப் டவுனைத் தாண்டியது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் நம் பக்கம் வரும். சில இங்கே வராமல் தெற்கே கடலோடு போய்விடும்.

அது நெருங்கும்போது பீடபூமிக் காற்று டிராக்கன்ஸ்பெர்க் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும். கீழே வர வர அது அமுங்கும், அமுங்கினால் சூடாகும்: 1000 மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி. ஜூலையிலும் 30 டிகிரி தாண்டுவது இதனால்தான். இந்த ஊரில் இதற்கு பெர்க் காற்று என்று பெயர். அதே சமயம் கரையோரமாக ஒரு சின்னத் தாழ்வழுத்தம் தெற்கிலிருந்து ஏறி வரும், ஸ்ட்ரா இறங்கிக்கொண்டே போகும்.

இப்போது ஒரு சோதனை. பெர்க் காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். முகம் கடலைப் பார்க்கும். வலது கையை நீட்டுங்கள். தாழ்வழுத்தம் அந்தப் பக்கம், தென்மேற்கில். தமிழ்நாட்டில் இதையே செய்தால் இடது கையை நீட்ட வேண்டும். பூமியின் சுழற்சி தென்பாதியில் காற்றை எதிர்ப்பக்கம் திருப்புகிறது.

தாழ்வழுத்தம் கடந்ததும் காற்று ஒரு கணம் ஓய்ந்து, திசை மாறி, தென்மேற்கிலிருந்து பாயும். ஸ்ட்ரா குபுக்கென்று ஏறும். எங்கள் பந்தலைத் தூக்கியது இதுதான். முகப்பு சில மணி நேரத்திலோ மறுநாளோ பின்னாலேயே வரும்.

ஐந்தாம் படி: ஸ்ட்ரா ஏறும்போதும் குடை எடுப்பது

அழுத்தம் ஏறினால் நல்ல வெயில் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். டர்பனில் அதை நம்பி நனைந்தவன் நான். முகப்புக்குப் பின்னால் வரும் உயர் அழுத்தம் கடலின் ஈரக்காற்றைக் கரைமேல் தள்ளும். அது மேட்டில் ஏறிக் குளிர்ந்து, நாள் முழுக்கத் தூறும்.

ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி விஷயங்களை ஜாடியில் தேடாதீர்கள். அது வானில் உயரே, வழக்கமான காற்றோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்டு நின்ற தாழ்வழுத்தம் கொண்டுவந்த மழை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்தால் நோட்டை மூடிவிட்டு மேட்டுக்குப் போங்கள்.

பலூன் இரண்டு மூன்று வாரத்தில் தளர்ந்துவிடும். அப்போது ஸ்ட்ரா காரணமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கும். புதுப் பலூன் மாட்டி, அட்டையில் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.